கோரிக்கை மனு: குவியலோடு கிணறுகளும் சுத்தமாக வேண்டும்

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் விவசாயிகள் சங்கத்தினர்,
ராணிப்பேட்டை தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ராணிப்பேட்டை மாவட்டம்.

பொருள்: குரோமியக் கழிவால் கெட்ட நிலத்தடி நீரைச் சீரமைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஊரருகே தோல் பதனிடும் தொழிலுக்குக் குரோமிய உப்பு தயாரித்த ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். மழை விட்ட மறுநாள் குவியலை ஒட்டிய வாய்க்காலில் தண்ணீர் மஞ்சள் கரைத்தது போல நிற்கும். காய்ந்தால் வரப்பில் பொருக்குத் தட்டும். ஆடுகூட வாய் வைத்துவிடக் கூடாதென்று இரண்டு கிணறுகளை முள் வெட்டிப் போட்டு மூடியிருக்கிறோம். ஒரு காலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைவித்த கிணறுகள் அவை.

எங்களை அதிகம் அச்சுறுத்துவது நிறம் தெரியாத தண்ணீர்தான். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பல மடங்கு தாண்டினாலும் கண்ணுக்குத் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. இந்தக் கழிவில் இருப்பது நீரில் கரைந்து நிலத்தடியில் நகரக்கூடிய, புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியம்.

ஆகவே கழிவை அள்ளியதோடு, அல்லது மூடியதோடு, சீரமைப்புத் திட்டப் பணி முடிந்ததாகக் கணக்கு எழுதிவிடக் கூடாது. இத்தனை மழைக்காலங்களில் மண்ணுக்குள் இறங்கியது குவியலைத் தாண்டிப் போய்விட்டது. அந்த நீரை இறைத்து, இரும்பு சல்பேட் போன்றவற்றால் குரோமியத்தை நச்சு குறைந்த வடிவத்துக்கு மாற்றிப் படியவைத்துப் பிரிக்கும் முறை இருக்கிறது. திட்ட மதிப்பீட்டில் அதற்கெனத் தனி நிதியும் காலக்கெடுவும் ஒதுக்க வேண்டுகிறோம்.

கிணறு, போர் தண்ணீரை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து, முடிவைக் கிணறுவாரியாகத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனவர்கள் பலர். முடிவு எழுதிய தாள் ஒன்றுகூட எங்கள் கைக்கு வந்ததில்லை. நீர் சீராகும்வரை வீடுகளுக்குக் குழாய்க் குடிநீரும், கால்நடைகளுக்குத் தொட்டியும் வேண்டும்.

கழிவை அள்ளும் கூலிவேலைக்கு வரப்போவது எங்கள் பிள்ளைகள்தான். குரோமியத் தூசியால் தோலில் ஆறாத புண் வரும், மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகும். முகக்கவசம், கையுறை, பூட்ஸ், மருத்துவப் பரிசோதனை இல்லாமல் ஒருவரையும் உள்ளே இறக்காதீர்கள். மழைக்காலத்தில் தோண்டவே வேண்டாம். லாரிகள் தார்ப்பாய் கட்டிப் போகட்டும்.

மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று சொன்னது எங்கள் வட்டாரத் தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில்தான். ஆலை மூடிக்கிடப்பதைக் காரணம் காட்டிப் பணி தள்ளிப்போகக் கூடாது. அரசே முதலில் செலவிட்டு, பொறுப்புடையவர்களிடம் பின்னர் வசூலிக்கட்டும்.

திட்ட அறிக்கை இறுதியாகும் முன் எங்கள் ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தித் தாங்கள் நேரில் வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அன்று முள்ளை விலக்கி அந்த இரண்டு கிணறுகளையும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

இணைப்பு: ஊர்மக்கள் கையொப்பப் பட்டியல்