தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்!

மக்களே, இந்த வசனத்தைக் கேட்காத தமிழன் உண்டா? சினிமாவில் அமைச்சர் இன்ஸ்பெக்டரைப் பார்த்து உறுமுவார், தியேட்டரே சிரிக்கும். எனக்கு மட்டும் சுருக்குன்னு இருக்கும். ஏன்னா அந்தத் தண்ணியில்லாக் காடு எங்க பக்கம்தான். ஊர் மீமிசல். புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்கு ஓரம், தாண்டினா ராமநாதபுரம் மாவட்டம். அதிகாரிகள் அகராதியில் இரண்டுமே தண்டனை!

சரி, விசயத்துக்கு வருவோம்.

2019 அக்டோபர் 25 அன்று தமிழக அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கோரிக்கை ஒன்றும் நிலாவில் வீடு இல்லை. 2009-ல் அரசே போட்ட அரசாணை 354-ஐ அமல்படுத்து. 20 வருசம் கழித்து வரும் ஊதிய நிலையை 12 வருசத்தில் கொடு. நோயாளிகள் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடம் போடு. மேற்படிப்பு முடித்தவர்களுக்கு போஸ்டிங்கை கவுன்சிலிங்கில் கொடு. அதாவது அரசு கையெழுத்துப் போட்ட காகிதத்தை அரசே மதிக்கணும்னு கேட்டாங்க.

பதில் என்ன வந்தது? பணிமுறிவு மிரட்டல், கூடவே டிரான்ஸ்ஃபர். அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் யார்? எங்க மாவட்டத்து விராலிமலை எம்.எல்.ஏ., அவரே ஒரு டாக்டர்! நவம்பர் 1 அன்று போராட்டம் வாபஸ் ஆனது, ஆனால் 118 பேருக்கு இடமாறுதல் உத்தரவு. போராட்டத்தை முன்னின்று நடத்திய டாக்டர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் இறந்தே போனார். மன உளைச்சல்தான் காரணம் என்றார்கள் சக டாக்டர்கள். அதே மாதக் கடைசியில் அந்த 118 உத்தரவுகளையும் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பைப் பார்க்க அவர் இல்லை.

ஒரு கம்பெனியில் சர்வர் படுத்துக்கிச்சுன்னா நல்ல மேனேஜர் முதலில் கேட்பது "ஏன் படுத்துச்சு?". மோசமான மேனேஜர் கேட்பது "எவன் பண்ணது?". நம்ம ஆஸ்பத்திரி நிர்வாகம் ரெண்டாவது ரகம். டாக்டர் பத்தலைன்னு சொன்ன டாக்டரைத் தூக்கி வேற ஊரில் போட்டா, இங்கே ஒரு டாக்டர் குறையுறார். கணக்கு எப்படி சரியாகும்? டீன், சூப்பிரண்டு, இணை இயக்குநர் என்று வரிசையாக இருக்கும் பெரியவர்களும் டாக்டர்கள்தான். ஆனா மேலே ஏறினதும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு டிரான்ஸ்ஃபர் ஆர்டரை எடுத்துக்கிறாங்க. இதுக்குப் பேர் தலைமை இல்லை சாமி, கங்காணித்தனம்.

"ஸ்ட்ரைக் பண்ணினா ஏழை நோயாளிதானே பாதிக்கப்படுறான்?" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: உண்மை, பாதிக்கப்பட்டான். ஓ.பி. வரிசையில் நின்னு திரும்பினவன் எங்க ஊர்க்காரனாவும் இருப்பான். ஆனா அவன் அந்த ஏழு நாள் மட்டுமா பாதிக்கப்படுறான்? ஒரு டாக்டர் நாலு டாக்டர் வேலையைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் பாதிக்கப்படுறான். அதுக்கு யாருக்கு பணிமுறிவு?

எனக்கு இதைவிடப் பெரிய கோபம் ஒன்னு இருக்கு. அந்த 118 பேரும் எங்க பக்கம் வந்தார்கள்னு நான் சொல்லலை. ஆனா டிரான்ஸ்ஃபரை சாட்டையா வச்சிருக்கணும்னா, சில ஊர்கள் எப்பவும் தண்டனையாவே இருக்கணும். குவார்ட்டர்ஸ் ஒழுகணும், ஸ்கேன் இயந்திரம் மூலையில் கிடக்கணும். எல்லா ஊர் ஆஸ்பத்திரியும் நல்லா இருந்துட்டா யாரை எங்கே மாத்தி பயமுறுத்துறது? தண்டனையா வந்த டாக்டர் முதல் நாளே திரும்பிப் போகத்தான் மனு எழுதுவார். அவரைக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்? எங்க ஆத்தாவுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது அரசாங்கத்துக்கு ஒரு ஜெயில் தண்டனை என்றால், நாங்க யாரு, அந்தமான் கைதிகளா?

2021-ல் ஆட்சி மாறியது. 2025-லும் அதே 354-க்காக டாக்டர்கள் போராடிக்கிட்டுதான் இருந்தாங்க. கட்சி எதுவானாலும் சாட்டை ஒன்னுதான்.

கடைக்கோடி ஊருக்கு வரும் டாக்டருக்கு நல்ல வீடு கொடுங்க, கூடுதல் சம்பளம் கொடுங்க, இத்தனை வருசம்னு எழுதிக் கொடுத்து கவுன்சிலிங்கில் அனுப்புங்க. பழிவாங்குவதற்கு மட்டும் எங்க ஊர்களைப் பயன்படுத்தாதீங்க.

டிஸ்கி: மீமிசலில் தண்ணி இருக்குங்க. கடலே இருக்கு :-)