நீர்க்கரடி சாகாவரம் பெற்றதா?

"எதனாலும் அழிக்க முடியாத உயிர்" என்று நீர்க்கரடியைப் புகழ்வது இன்று வழக்கமாகிவிட்டது. விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இப்பட்டத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

1773-இல் கோயெட்சே என்ற ஜெர்மானியப் பாதிரியார் உலகுக்கு அறிவித்த இவ்வுயிரிக்கு எட்டுக் கால்கள்; நீளமோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பாசியில் படிந்த மெல்லிய நீர்ப்படலமே பலவற்றின் உலகம். அந்த நீர் வற்றினால் என்ன செய்யும்? கால்களை உள்ளிழுத்து, உடல்நீரை ஏறத்தாழ முழுவதும் இழந்து, சிறு பீப்பாய் போலச் சுருங்கிவிடும். சில இனங்களில் தனிவகைப் புரதங்கள் உயிரணுக்களைச் சிதையாமல் காக்கின்றன. மீண்டும் நீர் பட்டதும் எழுந்து நடக்கிறது!

இந்நிலையில் அதன் ஆற்றல் வியத்தற்குரியதே. 2007-இல் விண்வெளியின் வெற்றிடத்தில் 10 நாட்கள் கிடந்தவை, பூமிக்குத் திரும்பி முட்டையிட்டன. 1983-இல் அண்டார்க்டிகாவில் திரட்டிய பாசியில் உறைந்திருந்தவை 2014-இல் உயிர்த்தெழுந்தன.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அதே விண்பயணத்தில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் முழுமையாகப் பட்டவற்றுள் மிகச் சிலவே பிழைத்தன. 2020-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் சிந்திக்கத்தக்கது. உலர்ந்து சுருங்கிய நீர்க்கரடிகளில் பாதி ஒரே நாளில் மடிய 63 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவைப்பட்டது. நீரில் நடமாடும் அதே இனத்திற்கோ 37 டிகிரியே போதுமாயிருந்தது. 37 டிகிரி என்பது நம் உடல் வெப்பமன்றோ!

"உலகம் வெப்பமடைந்தால் என்ன? உயிர்கள் தம்மை மாற்றிக்கொள்ளும், நீர்க்கரடியைப் பாருங்கள்" என்று வாதிடும் நண்பர்களுக்கு இதுவே என் விடை. சுருங்கிக் கிடக்கும் நீர்க்கரடி உண்பதில்லை, வளர்வதில்லை, இனம் பெருக்குவதில்லை. அது வாழ்வைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. அது வாழ்வதற்கு நீரும், தாங்கத்தக்க வெப்பமும் வேண்டும். அவை நமக்கும் வேண்டும்; சுருங்கிக் காத்திருக்கும் கலையோ நமக்கு இல்லை.

ஆகவே நண்பர்களே, நீர்க்கரடியைப் பொறுமையின் வடிவமென்று போற்றுவோம். சாகாவரம் பெற்றதென்று கூறி நம் கடமையை மறக்க வேண்டாம். அடுத்த மழைக்குப் பின் மதிற்சுவர்ப் பாசியைச் சிறிது எடுத்து நீரில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் தேடிப் பாருங்கள். ஒருவேளை எட்டுக் கால்களால் அது தத்தித் தத்தி நடப்பதைக் காண்பீர்கள். அந்த நடைதான் வாழ்வு. காக்க வேண்டியதும் அதைத்தான்.