ஆளில்லா வீடுகளுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

மாண்புமிகு ஜொகூர் மந்திரி பெசார் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி. அந்நாட்டுக் குடிமக்களே இரண்டாவது வீடு வாங்கினாலும் 20 விழுக்காடு. அங்கே தடைபட்ட பணம் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் வழி தேடும். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் அந்த வழியை இன்னும் சுருக்கிவிடும். நிலம் மாநிலத்தின் அதிகாரம். தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவின்படி உங்கள் அரசின் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்க முடியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெளிநாட்டவர் வாங்கும் வீடுகளால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வந்து ஆண்டில் பெரும்பகுதி தங்கினால் பக்கத்து மளிகைக் கடையும் கிளினிக்கும் பிழைக்கும். காவல், துப்புரவு, தோட்டப் பராமரிப்பு என்று நம்மவர் பலருக்கு வேலையும் கிடைக்கும். ஊருக்கு உயிர் கொடுப்பவர் குடியிருப்பவர். வாங்கிப் பூட்டிவிட்டுப் போகிறவரால் ஊருக்கு என்ன வரும்?

ஃபாரஸ்ட் சிட்டி குடியிருப்புத் திட்டத்தைப் பாருங்கள். நான்கு செயற்கைத் தீவுகளில் 7 லட்சம் பேர் வாழ்வார்கள் என்றார்கள். அதற்காகத் தூர்க்கப்பட்டது தஞ்சோங் குப்பாங் மீனவர்களும் ஓராங் செலேத்தார் பழங்குடி மக்களும் வலை வீசிய கடல். மீன்குஞ்சும் கடற்குதிரையும் வளரும் மெராம்போங் கடற்புல் பரப்பின் குறுக்கே 2014இல் மண்பாதை போட்டார்கள். அங்கே வீடு வாங்கியவர்களில் பெரும்பாலோர் சீன நாட்டவர். 2017 வாக்கில் சீனா தன் மக்களின் பணம் வெளியே போவதை இறுக்கியது; விற்பனை சரிந்தது. 2018இல் அன்றைய பிரதமர் மகாதீர், அங்கே வீடு வாங்குவோருக்கு விசா இல்லை என்றார். 2023இல் கட்டிய நிறுவனமே கடனில் தத்தளித்தது. இன்று அதே இடம் சிறப்பு நிதி மண்டலம். அது தழைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பெய்ஜிங்கில் எடுத்த ஒரு முடிவால் நின்றுபோகிற திட்டத்துக்காக, கரையோரக் கம்பத்துக்காரர்கள் தங்கள் பிழைப்பைக் கொடுத்தார்கள். அந்தக் கடலை இனி யார் திருப்பித் தருவார்?

நிலம் கைமாறினால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் எத்தனையோ குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியது. அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்கியது அதனால்தான். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பத்துக்குச் சொந்தமாக முதல் வீடே அமையாத மண்ணில், இன்னொருவரின் இரண்டாவது வீட்டுக்கு நாம் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இது என்னை உறுத்துகிறது.

வெளிநாட்டவர் பொதுவாக 10 லட்சம் வெள்ளிக்குக் குறைந்த வீட்டை வாங்க முடியாதே, உள்ளூர்க்காரருக்கு என்ன பாதிப்பு என்று உங்கள் அதிகாரிகள் கேட்கலாம். அந்த வரம்பு மலிவு வீட்டைக் காக்கும், நிலத்தைக் காக்காது. 10 லட்சத்துக்கு விற்கலாம் என்று தெரிந்த மனையில் எந்த மேம்பாட்டாளர் 2 லட்சம் வெள்ளி வீட்டைக் கட்டுவார்?

வேல்சின் குவினெத் மாவட்டம் 2023 முதல் இரண்டாவது வீடுகளுக்கு வழக்கமான உள்ளூர் வரிக்கு மேல் 150 விழுக்காடு கூடுதலாக வாங்குகிறது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆண்டில் பாதி நாள்கூட ஆள் தங்காத வீட்டுக்கு மதிப்பீட்டு வரி உயரட்டும். தண்ணீர், மின்சாரப் பில்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குடியிருப்பவரையும் வாடகைக்கு விட்டவரையும் விட்டுவிடுங்கள். வரும் பணம் அதே முக்கிமில் மலிவு வீட்டுக்கும் மீனவர் படகுத்துறைக்கும் செலவாகட்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டம் கைமாறத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தோட்டம் வீட்டுமனையானால், தொழிலாளர் குடும்பங்களுக்கு அங்கேயே வீடு கட்டித் தந்த பிறகே மற்ற வீடுகளை விற்கலாம் என்ற நிபந்தனையையும் அந்த ஒப்புதலோடு சேருங்கள்.

இவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்றால் ஒன்றை மட்டும் இந்த ஆண்டே செய்யுங்கள். வெளிநாட்டவர் வாங்க ஒப்புதல் பெற்ற வீடுகள் ஒவ்வொரு முக்கிமிலும் எத்தனை, அவற்றில் ஆள் குடியிருப்பவை எத்தனை என்று பட்டியல் வெளியிடுங்கள். தஞ்சோங் குப்பாங்கிலிருந்து தொடங்கலாம்.

மரியாதையுடன்,
ஜொகூர்வாசி ஒருவர்