முதல் கவளத்திலிருந்து கணக்கு

உணவுக்குப் பின் சர்க்கரை பார்ப்பதில் நம் இல்லங்களில் ஒரு பிழை தொடர்கிறது. உண்டு முடித்து, கை கழுவி, லுஹர் தொழுத பிறகே இரண்டு மணி நேரத்தை எண்ணத் தொடங்குகிறோம். அது சரியன்று. பிஸ்மில்லாஹ் கூறி முதல் கவளத்தை வாயிலிட்ட நேரமே தொடக்கம். நீரிழிவு உள்ளோர்க்கு அப்போது 180 மில்லிகிராமுக்குள் இருப்பது பொதுவான இலக்கு. முதியோர்க்கும் கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவர் வேறு அளவு கூறுவார்.

பரிசோதனை நாளில் மட்டும் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவோர் உண்டு. யாரை ஏமாற்றுகிறார்கள்? வழக்கமான உணவும் மாத்திரையும் உட்கொண்ட நாளின் அளவே மருத்துவருக்குப் பயன்படும்.

வலீமா பிரியாணி தனிக் கதை. நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆகவே இரண்டு மணி நேரத்தில் 160 என்று காட்டிய இரத்தம், நான்கு மணி நேரத்தில் 250-ஐத் தொடவும் கூடும். முதல் எண்ணைக் கண்டு மகிழ்ந்து, மாலையில் ஃபிர்னியையும் ஒரு கை பார்த்துவிடாதீர்கள்!

ரமளானில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். இஃப்தாருக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதோடு பகலிலும் பாருங்கள். பரிசோதனைக்காக விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு அச்சலுகையை வழங்கியது மார்க்கமே. 'மஃரிபுக்கு அரை மணி நேரம்தானே' என்று பொறுத்திருக்க வேண்டாம்.