கோணற் காயின் பாடம்

"கண்டதையும் வாயில் போடாதே" என்று நாம் நம் குழந்தைகளுக்கு இடைவிடாது சொல்லி வருகிறோம். நல்ல எச்சரிக்கைதான். ஆயினும் அதனுடன் நின்றுவிட்டால் குழந்தை கற்பது பயத்தையே அன்றி மரத்தை அன்று. பயமோ பெரியோர் கண் பார்க்கும் வரையில்தான் காவல் நிற்கும். அறிவு அவர்கள் இல்லாத இடத்திலும் துணை வரும்.

கொடுக்காப்புளியை எடுத்துக்கொள்வோம். சில ஊர்களில் கோணப்புளி என்பர். ஒவ்வோர் இலைக் காம்பிலும் இரண்டிரண்டாக நான்கே சிற்றிலைகள்; காம்பின் அடியில் இரட்டை முள். காயோ ஜிலேபிபோல் சுருண்டு, விதைக்கு விதை இடுங்கி நிற்கும். முற்றும்போது பச்சை மாறிச் செம்மை படர்ந்து, தானே வெடிக்கும். கறுத்துப் பளபளக்கும் விதையைப் போர்த்துள்ள வெண்மையான, அல்லது ரோஜா நிறமான, சதையே உண்ணத் தக்கது. முதலில் இனிப்பு, பின்னர் நாவைப் பிடிக்கும் துவர்ப்பு. அவசரப்பட்டுப் பிஞ்சைப் பறித்தவனுக்குத் துவர்ப்பு மட்டுமே கூலி! விதையை உண்பதில்லை. ஆனால் அதன் கறுப்புத் தோலை மட்டும் நகத்தால் உரித்து, உள்ளிருக்கும் பழுப்புத் தோலில் கீறல் விழாமல் காப்பது சிறுவர்களின் பந்தய விளையாட்டு.

இவ்வளவு நம்முடையதாகிவிட்ட இம்மரம் மெக்ஸிகோ முதலிய தேசங்களிலிருந்து வந்தது. ஸ்பானியர் கப்பல்கள் அதைப் பிலிப்பைன் தீவுகளில் சேர்த்தன. பின்னர் நம் நாட்டை அடைந்தது. 1798-ல் ராக்ஸ்பரோ என்னும் தாவர சாஸ்திரி, சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இதற்கு 'இனியது' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். 1844-ல் பெந்தம் என்பவர் இதைச் சேர்த்த இனத்தின் பெயருக்கோ, கிரேக்க மொழியில் 'குரங்கின் காதணி' என்று அர்த்தம். சுருண்ட காயைப் பார்த்தவர் சிரிக்காமல் ஒப்புக்கொள்வர்!

இனி, எச்சரிக்கைக்கு வருவோம். சித்திரையில் பொன்மாலை தொங்கவிடும் சரக்கொன்றையைக் காணாதவர் இல்லை. அதன் காய் உருண்டு நீண்டு, முழம் அளவுகூட வளரும், முதிர்ந்தால் கருமையடையும். உடைத்தால் காசுகளை அடுக்கியதுபோல் தட்டுத் தட்டான அறைகள். அவற்றில் புளியைப் போன்ற கறுத்த சதை. அதுவும் தித்திக்கும். ஆனால் அது மலத்தை இளக்குவதற்கு வைத்தியர்கள் அளவறிந்து தரும் மருந்து. விளையாட்டாகத் தின்ற சிறுவனின் வயிறு படாத பாடுபடும். ஆகவே, தித்திப்பு ஒன்றையே நற்சாட்சிப் பத்திரமாகக் கொள்ளலாகாது. நாக்கு நல்ல ரசிகன். நல்ல நீதிபதி அன்று.

வரும் கோடை விடுமுறையில் பெற்றோர் ஒரு காரியம் செய்யலாம். மரத்தை நன்கு அறிந்த பெரியவர் ஒருவரைத் துணைகொண்டு, குழந்தையை அதன் அடியில் நிறுத்துங்கள். இலை, முள், காய், விதை என்று வரிசையாகக் காட்டுங்கள். மறுநாள் குழந்தையே அவற்றை உங்களுக்குச் சொல்லட்டும். அதன் பிறகே ருசி பார்க்கும் உரிமை. பெயர் தெரியாத காய் எவ்வளவு அழகாயிருந்தாலும் மரத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக் கற்ற குழந்தை வேலியோரத்து மரத்தை வெறும் விறகாக ஒருநாளும் பாராது. பெயர் அறிந்த மரத்தை வெட்டக் கோடரி ஓங்கினால், "வேண்டாம்" என்று சொல்ல அங்கே ஒரு குரலாவது எழும்.