தேடுபொறியும் தமிழாசிரியரும்

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலாயினும் சிகாமட்டிலாயினும், இடைநிலைப்பள்ளித் தமிழ் மாணவனிடம் ஒரு புறநானூற்றுப் பாடலுக்குப் பொருள் கேட்டால், அவன் கை புத்தக அலமாரியை நாடுவதில்லை, கைப்பேசியை நாடுகிறது. நாடுவதில் பிழையில்லை. ஆனால் அங்கே முன்வந்து நிற்பது என்ன? விளம்பரம், அதன்கீழ் ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுத்த பக்கங்கள், இப்பொழுது இயந்திரமே தொகுத்துரைக்கும் விடை வேறு. பாடிய புலவர் பெயரும் திணை துறையுங்கூடப் பிறழ்ந்து வருவதுண்டு.

இஃது எதிர்பாரா விபத்தன்று. விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று கூகுளைத் தோற்றுவித்த பிரின்னும் பேஜும் 1998ஆம் ஆண்டு ஆய்வுரையிலேயே எழுதினர். (எழுதியவர்களே பின்னர் அவ்வழியிற் பொருளீட்டினர்!) தேடல் துறையில் அந்நிறுவனம் சட்டத்திற்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்டியில்லாத கடையில் சரக்கின் தரம் குன்றாமல் என்ன செய்யும்?

ஆயினும் பழி முழுவதையும் அயலார்மேற் சுமத்தித் தமிழாசிரியர் தப்பிவிட முடியாது. ‘இணையத்தில் தேடி எழுதி வா’ என்று பணித்தவர், எங்கே தேடுவது என்று கற்பித்தாரா? உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, முதலிற் கைக்கு வந்த சுவடியையே அச்சேற்றிவிடவில்லை. பல சுவடிகளை ஒப்புநோக்கினார். மூலபாடத்தை மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இன்று இலவசமாகவே வழங்குகின்றன. அம்முகவரிகளை வெண்பலகையில் எழுத ஒரு நிமிடம் போதும். பாடலடியை இரட்டை மேற்கோட்குறிக்குள் இட்டுத் தேடினால் குப்பை பெரிதும் குறையும் என்பதைச் சொல்ல இன்னொரு நிமிடம். அச்சுநூலோடு ஒப்பிடாத விடைக்கு மதிப்பெண் இல்லையென ஓர் ஆசிரியர் அறிவிக்கட்டும். ஔவை துரைசாமிப்பிள்ளையின் புறநானூற்று உரையைக் கேட்டு மாணவர் மறுவாரமே நூலக வாயிலில் நிற்பர்.