பச்சை மின்சாரமாம்... நம்மைக் கேட்டது யார்?



நம் தஞ்சோங் மாலிமிலிருந்து பழைய சாலையைப் பிடித்து வடக்கே போனால், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார் எல்லாம் தாண்டி கோப்பேங் வரும். அங்கிருந்து மலைப்பக்கம் திரும்பினால் உலு கெருந்தும். செமாய் இனத்து ஓராங் அஸ்லி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். அந்த ஆற்றில் ஒரு சிறு நீர்மின் திட்டம் வந்தது. பெரிய அணைக்கட்டு இல்லை. புகை இல்லை, கரி இல்லை. "பச்சை மின்சாரம்" என்று அதற்குப் பெயர். ஆனால் அந்த மக்கள் வேண்டாம் என்றார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் நிலம், எங்கள் தண்ணீர் என்று பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். நீதிமன்றப் படியும் ஏறினார்கள்.

இதைக் கேட்டதும் நம்மவர்களில் சிலர் என்ன சொல்கிறார்கள்? "சும்மா ஓடுற தண்ணிதானே, அதுல கரண்டு எடுத்தா இவங்களுக்கு என்னா நட்டம்? காட்டுல இருக்கிறவங்களுக்கு முன்னேத்தம் வேணாமா?" என்கிறார்கள். ஓராங் அஸ்லி மக்களைப் பழைய இழிசொல் ஒன்றால் அழைக்கும் வழக்கமும் நம்மிடையே இன்னும் முழுசாகப் போகவில்லை. நம்மைக் "கூலி" என்று பிறர் அழைத்தபோது எப்படி வலித்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

சரி, என்ன நட்டம் என்று பார்ப்போம். சிறு நீர்மின் நிலையத்தில் ஆற்றை மேலே ஓரிடத்தில் சிறு தடுப்புக் கட்டி மறிப்பார்கள். அங்கிருந்து தண்ணீரைப் பெரிய குழாய்க்குள் விட்டு, மலைச்சரிவில் கீழே கொண்டுவந்து, சுழலியின் மேல் பாய்ச்சுவார்கள். சுழலி சுற்றும், மின்சாரம் வரும், தண்ணீர் மறுபடியும் ஆற்றில் சேரும். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் குறையவில்லை. ஆனால் மேலே மறித்த இடத்துக்கும் கீழே விட்ட இடத்துக்கும் நடுவில் கிடக்கும் ஆறு என்ன ஆகும்? தண்ணீர் வற்றிக் கல்லும் மணலும் தெரியும். அந்த நடுப்பகுதியில் குளிப்பவனுக்கும் மீன் பிடிப்பவனுக்கும்தான் நட்டம். போதாததற்குக் குழாய் பதிக்கவும் லாரி போகவும் பாதை வெட்ட வேண்டும். மலையில் பாதை வெட்டினால் மழைக்கு மண் கரைந்து ஆற்றில் இறங்கும். தோட்டத்தில் மறுநடவுக்கு மண்ணைப் புரட்டிப்போட்ட வருஷம் கீழ்க்காட்டு ஓடை தேத்தண்ணி நிறத்தில் ஓடியதைப் பார்த்தவர்கள் நாம். இதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

லாபம் யாருக்கு? 2011ஆம் ஆண்டு நாடாளுமன்றம் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அனுமதி பெற்ற சிறு நிறுவனம் தயாரிக்கும் மின்சாரத்தை, நிர்ணயித்த விலைக்கு, நீர்மின்சாரம் சூரிய மின்சாரம் என்றால் 21 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள ஏற்பாடு. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்தும்தான். மாதம் 300 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரிக்கும் வீடுகளின் பில்லில் 1.6 சதவீதம் இதற்கென்று 2014 முதல் கூட்டப்பட்டது. தப்பு என்று சொல்ல வரவில்லை. நாடு முழுவதும் சேர்ந்து கொடுக்கும் பணத்தில் நடக்கும் தொழில் என்பதால், நாட்டில் உள்ள எவனுக்கும் அதைப் பற்றிக் கேள்வி கேட்க உரிமை உண்டு என்கிறேன்.

உலு கெருந்தும் மக்கள் நீதிமன்றம் போக முடிந்ததே, அது எப்படி? அவர்களுக்கென்று 1954ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு மேல், சிலாங்கூர் டிங்கிலில் சாகோங் தாசி என்ற தெமுவான் பெரியவரும் அவருடைய உறவினரும் தொடுத்த வழக்கு இருக்கிறது. விமான நிலையத்துக்குப் போகும் சாலைக்கென்று அவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு, மரத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் காசு கொடுத்துக் கையை உதறினார்கள். 2002இல் உயர் நீதிமன்றம், "வழிவழியாக ஆண்ட நிலம் இவர்களுடையது, நிலத்துக்கும் நஷ்டஈடு கொடு" என்று தீர்ப்புச் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் இன்று ஓராங் அஸ்லி வழக்கறிஞர் நீதிபதியின் முன் நின்று "இது எங்கள் நிலம்" என்று வாதாடலாம். ஜெயிக்கலாம், தோற்கலாம், அது வேறு. வாதாட ஒரு வார்த்தை இருக்கிறது.

நமக்கு?

நான்கு தலைமுறை அந்தத் தோட்டத்தில் பிறந்து, அந்த மண்ணிலேயே புதைந்திருக்கிறோம். கோயில் கட்டினோம், பள்ளிக்கூடம் கட்டினோம், லயத்துக்குப் பின்னால் முருங்கை வைத்தோம், மாடு கட்டினோம். ஆனால் நிலப் பத்திரத்தில் நம் பேர் எங்கே? லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போச்சு. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீரும் மின்சாரமும் வேண்டும் என்றெல்லாம் பேசுகிறது. அந்த வீடு உனக்குத்தான் என்று அது சொல்லவில்லை. தோட்டத்தை விற்கும்போது மேஜையில் உட்காருபவர்கள் இரண்டே பேர். விற்பவர், வாங்குபவர். மரம் வெட்டிய கை, பால் எடுத்த கை, குலை சுமந்த தோள் எதற்கும் அங்கே நாற்காலி இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது சும்மா வந்த பழமொழியா?

மின்சாரக் கதையிலும் நமக்குக் கிடைத்தது இதே இடம்தான். பேரா ஆற்றில் செண்டரோ அணை 1930இல் வந்துவிட்டது. அந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களையும் டிரெட்ஜ்களையும் ஓட்டியது. பக்கத்துத் தோட்டத்து லயங்களில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குத்தான். பிறகு தோட்டத்திலேயே இஞ்சின் வந்தது. மாலை ஆறு மணிக்குப் போட்டால் இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மெழுகுவர்த்தியைத் தேடும். 1970களில் மேல் பேராவில் தெமெங்கோர் அணை எழுந்தபோது ஓராங் அஸ்லி குடும்பங்கள்தான் இடம் விட்டு இடம் போக வேண்டியிருந்தது. ஆக, வெளிச்சம் ஒருவருக்கு, இருட்டு இன்னொருவருக்கு என்பது பேராவில் புதுசு இல்லை.

புக்கிட் தாகார் சங்கதி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் உலு சிலாங்கூர், நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் தொழிலாளர்களுக்கு வீடு தருவதாக 1990களில் பேச்சு. பேச்சு பேச்சாகவே இருந்தது. ஆட்சி மாறியது, ஆள் மாறினார், மனு மாறவில்லை. கடைசியில்தான் பிரதமர் முன்னிலையில் 245 வீடுகளுக்கு ஒப்பந்தம் ஆனது. வாக்குறுதி கேட்ட காதுகளில் பல அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டன. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அதே புக்கிட் தாகாரில் பெரிய குப்பைக் கிடங்கு இருக்கிறது. குப்பையிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுத்து விற்கிறார்கள். அதுவும் பச்சை மின்சாரம்தான். குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்க வழி கண்டுபிடித்தவர்களுக்கு, வேலை செய்தவனுக்கு வீடு கொடுக்க வழி கண்டுபிடிக்க முப்பது வருஷம் ஆகிவிட்டது.

இப்போது செம்பனைக் காட்டைத் தேடிச் சோலார் வருகிறது. 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. அதற்குச் சமதரை நிலம் வேண்டும். சமதரையும் சாலையும் ஒரே கையில் நூற்றுக்கணக்கான ஏக்கரும் எங்கே கிடைக்கும்? தோட்டத்தில்தான். ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய மூன்று நான்கு ஏக்கர் பிடிக்கும். இருநூறு ஏக்கர் செம்பனை என்றால் குலை வெட்ட, உரம் போட, மருந்தடிக்க என்று சில குடும்பங்கள் பிழைக்கும். அதே இருநூறு ஏக்கரில் தகடு நட்டுவிட்டால், நடுகிற சில மாதங்கள் ஆள் தேவைப்படும். அப்புறம் புல் வெட்டவும் தகடு கழுவவும் வாசலில் காவல் நிற்கவும் ஒரு கைவிரல், மிஞ்சினால் இரண்டு கைவிரல் எண்ணிக்கைதான். சூரியன் பெரட்டுக்கு வராது, ஓவர்டைம் கேட்காது, யூனியனில் சேராது. முதலாளிக்கு இதைவிட நல்ல தொழிலாளி வேறு எங்கே கிடைக்கும்?

இதற்காக "சோலாரே வேண்டாம், ஓடு" என்று கொடி பிடிக்கச் சொல்லவில்லை. நம் பேராவிலேயே மஞ்சோங் கடற்கரையில் மலைமலையாக நிலக்கரி எரிக்கிறார்கள். வெயில் ஏறினால் முதலில் சுருண்டு விழுபவன் வெளியே வேலை செய்பவன்தான், குளிர்சாதன அறையில் இருப்பவன் இல்லை. மழை தப்பிப் பெய்தால் வருமானம் போவதும் நமக்குத்தான். ஆகவே கரியைக் குறைக்கும் தொழில் வளர வேண்டும். அதிலும் சிறு நிறுவனத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிவுகூட உண்டு. வங்கியில் கடன் வாங்கி இறங்குகிறவன் அவன். கரண்டு ஓடினால்தான் காசு. ஒவ்வொரு மாதத் தாமதமும் வட்டி. அதனால் அவசரம். அவசரத்தில் முதலில் மாநில அலுவலகம், அடுத்து நிலச் சொந்தக்காரர், அடுத்து வங்கி. ஊர்ச்சனத்தைப் பார்க்க வருவது எல்லாம் முடிந்து மண்வெட்டி இயந்திரம் வந்து நின்ற பிறகு. அப்போது சனம் மறித்தால், "முன்னேற்றத்துக்கு எதிரி" என்று பட்டம். தப்பு எங்கே ஆரம்பித்தது?

கடல் கடந்தும் இதே வரிசைதான். இலங்கை மன்னார்த் தீவில் 2020இல் 30 காற்றாலைகள் நட்டார்கள். வெள்ளம் வடிய வழியில்லை, மீன்பாடு குறைந்துவிட்டது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். அந்த முறையீடு தீராமலே அடுத்த காற்றாலைகளின் பாகங்கள் வந்து இறங்கின. 2025 ஆகஸ்டில் நம் தமிழ்ச்சனம் தெருவில் உட்கார்ந்தது. அரசாங்கம் ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்தது, பிறகு தொடரச் சொன்னது. செப்டம்பரில் போலீஸ் கைகலப்பு வரை போனது. காற்றின் மேல் யாருக்கும் கோபம் இல்லை, நண்பர்களே.

ஆகவே நம் தோட்டத்துக்கு இப்படி ஒரு கம்பெனி வருகிறது என்று காதில் விழுந்தால், முதல் கேள்வி "எவ்வளவு தருவே?" என்பதாக இருக்கக் கூடாது. காசு கேட்டால் காசைக் கொடுத்துவிட்டு வாயை அடைத்துவிடுவான். லயத்தில் இருக்கிற குடும்பங்கள் எங்கே போகும், கோயிலும் பள்ளியும் சுடுகாடும் யார் பெயரில் இருக்கும், ஓடைத் தண்ணீர் கெட்டால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். மண்ணைத் தொடுவதற்கு முன்னாலேயே தண்ணீரைப் பரிசோதித்து ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "முன்னேயே இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்வான். தமிழ்ப்பள்ளிக் கூரையில் நாலு தகடு போட்டுப் பள்ளியின் பில்லைக் குறைத்துக் கொடுக்கச் சொல்வதும் பெரிய பிச்சை ஒன்றும் இல்லை. எல்லாம் எழுத்தில் வேண்டும். சின்னக் கம்பெனி இன்று ஒருவர் கையில், நாளை பங்கை விற்றுவிட்டு இன்னொருவர் கையில். வாயால் சொன்னவர் போய்விடுவார். வாங்கியவர், "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்பார். வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வைக்க வேண்டும்.

"நாம யாரு கேக்க? நெலம் நம்மளுதா?" என்று பின்வாங்குபவர்களுக்கு ஒன்று. 1976ஆம் ஆண்டு நகர், புறநகர்த் திட்டச் சட்டத்தில் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. தனித்தனிக் கட்டுமான அனுமதி என்று வரும்போது சட்டம் பக்கத்து நிலத்தின் சொந்தக்காரரைத்தான் தேடும், நம்மைத் தேடாது. ஆனால் எந்த நிலம் விவசாயத்துக்கு, எது தொழிலுக்கு, எது குடியிருப்புக்கு என்று மாவட்டத்துக்கு உள்ளூர்த் திட்டம் போடுகிறார்களே, அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். அதற்கு யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், பட்டா இருக்க வேண்டும் என்று இல்லை. 2016இல் முவாலிம் தனி மாவட்டமாகிவிட்டது. தஞ்சோங் மாலிம் மாவட்ட மன்ற அலுவலகம் டவுனிலேயே இருக்கிறது. வரைவு எப்போது பார்வைக்கு வருகிறது என்று அங்கே போய் விசாரியுங்கள். கோயில் கமிட்டியும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. எழுதுவது மலாயில் இருக்க வேண்டும். லயத்தில் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள், எழுதித் தரமாட்டார்களா என்ன?